ஆங்கிலத்தில் பிளாசம் (blossom) என்றால் எந்தப் பூ?

ரோஜாவையோ தாமரையையோ காட்டி 'பிளாசம்' என்று சொல்வதை விட ஃபிளவர் என்பதே பொருத்தம். பிளாசம் பெரும்பாலும் மரத்தில் பூக்கிற பூ. அதிலும் காய்ப்பதற்கு முன் கிளையே தெரியாமல் பூத்துக் குலுங்கும் ஆப்பிள், செர்ரி, பீச் போன்ற பழமரங்களின் பூவைத்தான் முதலில் குறிக்கும். மரத்துப் பூ மொத்தத்தையும் சேர்த்து ஒருமையிலேயே சொல்லலாம்: 'த ட்ரீ இஸ் கவர்ட் இன் பிளாசம்'. இங்கே கடைசியில் எஸ் வேண்டாம். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். இந்தச் சொல்லின் அழகே இதில்தான் இருக்கிறது என்பேன். தனித்தனிப் பூவாக எண்ணினால் மட்டும் பிளாசம்ஸ்.

ரோஜாச் செடியோ தோட்டமோ பூத்திருந்தால் 'இன் ப்ளூம்' என்பது இயல்பாக இருக்கும்.

அப்புறம், பிளாசம் என்பதை வினையாகவும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். கூச்ச சுபாவமுள்ள பெண் நல்ல பேச்சாளராக மலர்ந்தாள் என்பதற்கு, 'ஷீ பிளாசம்ட் இன்டு எ ஃபைன் ஸ்பீக்கர்'. நட்பு காதலாக மலர்வதற்கும் இதே சொல்தான். எழுதும்போது நடுவில் இரண்டு எஸ், முடிவில் ஒரே எம்.