ஸ்னோ கைட்டிங்கில் குட்டை ஸ்கீ பக்கவாட்டில் சறுக்கியது: என் அனுபவம்

உறைந்த ஏரியில் ஸ்னோ கைட்டிங் (பெரிய பட்டம் இழுக்க, காலில் சறுக்குப் பலகையான ஸ்கீயோடு பனியில் சறுக்குவது) பழக 99 செ.மீ. குட்டை ஸ்கீ எடுத்தேன், திருப்புவது சுலபம் என்பதால். நான்கு நாள் வீணானது. பட்டம் இழுத்ததும் குறுக்கே போகாமல் காற்று போகும் பக்கமே சறுக்கிப் போனேன், ஒவ்வொரு முறையும் கிளம்பிய இடத்துக்கு நடந்துதான் திரும்பினேன்.

பட்டம் பெரிது போல என்று 9 சதுர மீட்டரிலிருந்து 6க்கு மாறினேன். இழுப்பு குறைந்தது, சறுக்கல் குறையவில்லை. மெழுகும் பூசிப் பார்த்தேன். அது அடிப்பாகம் வழுக்குவதற்கு, பிடிப்புக்கு அல்ல.

அப்புறம்தான் என் தடத்தைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு மெல்லிய கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில், துடைப்பத்தால் பெருக்கியது போல அகலமான பட்டைகள். ஸ்கீயைக் கவிழ்த்து உலோக விளிம்பின் குறுக்கே நகத்தை இழுத்தால் முனையிலும் வாலிலும் நகம் சீவியது, பூட்ஸுக்கு நேர் கீழே மட்டும் வழுக்கியது. கரையில் சரளைக்கல் மேல் ஸ்கீயோடு நடந்ததில் அந்த இடம் மழுங்கியிருக்கிறது. நீளமான ஸ்கீயில் மீதி விளிம்பு ஓரளவு தாங்கும், குட்டையில் அந்த ஒரு சாண்தான் முக்கியம்.

அரத்தின் கோணம் மாறாமல் பிடிக்கும் 88 டிகிரி வழிகாட்டி வைத்து அரத்தால் ஒரே திசையில் தீட்டி, பிசிறைக் கல்லால் எடுத்தேன். மறுநாள் பட்டத்தைத் தலைக்கு மேல் நிறுத்தாமல் 45 டிகிரிக்கு இறக்கி, இழுப்புக்கு எதிராகச் சாய்ந்து விளிம்பில் நின்றதும் மெல்லிய கோடு விழுந்தது. காற்றுக்குக் குறுக்கே போய்க் கிட்டத்தட்ட அதே தடத்தில் திரும்பி வந்தேன், பெரிய நிம்மதி.

ஒன்று மட்டும்: பல குட்டை ஸ்கீகளின் பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பூட்டு) விழும்போது தானாகக் கழலாது. இழுபட்டால் முதலில் பட்டத்தின் இழுப்பைத் துண்டிக்கும் அவசர விடுப்பை இழுங்கள்.