திரை நீலம் தாளில் ஏன் ஊதாவாகிறது? அச்சுக்கு நிறம் அமைக்கும் முறை

கல்யாணப் பத்திரிகையோ திருவிழா நோட்டீஸோ, கணினியில் பளபளத்த நிறம் அச்சகத்திலிருந்து மங்கிப்போய் வந்தால் முதலில் திட்டு வாங்குபவர் மெஷின்காரர். பெரும்பாலும் தப்பு ஃபைலிலேயே இருக்கும். திரை, ஒளியை உமிழ்ந்து நிறம் காட்டுகிறது. தாளில் விழும் வெளிச்சத்தில் மை விழுங்கியது போக மிச்சம்தான் நம் கண்ணுக்கு வருகிறது. திரையில் கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சையையும் மின்னல் நீலத்தையும் சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா சாயலுள்ள சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் எட்டவே முடியாது. ஆகவே திரையில் தெரிவதை விட்டுவிட்டு, மை சதவீதங்களைப் பார்த்து நிறம் வையுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. வடிவமைப்பைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பாருங்கள். எழுத்து தெளிவாகப் பிரிந்து தெரியவில்லை என்றால் எந்த வண்ணமும் அதைக் காப்பாற்றாது. பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து நம் ஊர் நோட்டீஸ்களில் அடிக்கடி வரும். சாம்பலாக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். கணக்கில் பார்த்தால், நடுத்தரப் பச்சைமேல் தூய சிவப்பின் மாறுபாடு 1.3க்கு 1 மட்டுமே. வாசிக்கும் எழுத்துக்கு 4.5க்கு 1 ஆவது வேண்டும் என்பது இணையப் பக்கங்களுக்கான தரவிதி. மஞ்சள்மேல் கறுப்பு 19ஐத் தாண்டும். சிவப்பு–பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு முன்னது வெறும் சேறுதான்.

இனி நிறங்கள். ஃபைலைத் திறக்கும்போதே சி.எம்.ஒய்.கே. முறையில், அதாவது அந்த நான்கு மைகளின் முறையில் திறங்கள், கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

அதிகம் ஏமாற்றுவது நீலம். திரை நிறம் காட்டும் சிவப்பு-பச்சை-நீல ஒளி முறையான ஆர்.ஜி.பி.யின் தூய நீலத்தை ஃபோட்டோஷாப்பின் வழக்கமான அமெரிக்க அச்சு அமைப்பில் மாற்றினால் சயான் 88, மெஜந்தா 77 என்று வரும். திரையில் அது நீலமாகவே தெரியும், தாளில் கத்தரிப்பூ நிறம். மெஜந்தா சயானுக்குக் கிட்டே வந்தாலே ஊதா தலைகாட்டும். இரண்டுக்கும் இடையே குறைந்தது 30 இடைவெளி விடுங்கள்: சயான் 100, மெஜந்தா 65 வைத்தால் நல்ல அடர்நீலம் கிடைக்கும்.

மங்கல மஞ்சளுக்கு மஞ்சள் 100, மெஜந்தா 15 முதல் 20. மெஜந்தாவே சேர்க்காவிட்டால் எலுமிச்சையாக நிற்கும். குங்குமச் சிவப்புக்கு மெஜந்தா 100, மஞ்சள் 100. அரக்குக்கு சயான் 20, மெஜந்தா 100, மஞ்சள் 80, கறுப்பு 40. தங்கத்தை நான்கு மையில் தேடாதீர்கள், காவி கலந்த பழுப்புதான் வரும். மினுக்க வேண்டுமென்றால் தங்க மை அல்லது ஃபாயில் (தாளில் பதிக்கும் மினுங்கும் மெல்லிய தகடு).

கறுப்பில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஆர்.ஜி.பி. கறுப்பில் அடித்த எழுத்தை அதே அமைப்பில் மாற்றும்போது சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 ஆகிவிடும். ஒவ்வொரு மைக்கும் தனித்தனியான நான்கு அச்சுத் தகடுகளில் (பிளேட்) ஒன்று மயிரிழை விலகினாலும் ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் நிழல் விழும். எழுத்துக்குக் கறுப்பு 100 மட்டும், மற்ற மூன்றும் பூஜ்யம். பெரிய கறுப்புப் பரப்புக்கோ நேர்மாறு: வெறும் கறுப்பு 100 சாம்பல் பூத்துத் தெரியும், அங்கே சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40 சேர்த்துக்கொள்ளலாம்.

அடர்நிறத்தில் வெள்ளை எழுத்து விடும்போது தமிழுக்குத் தனிக் கவனம் தேவை. 7 பாயிண்டில் ‘ஞ’வின் சுழிகளை மை அடைத்துவிடும், புள்ளி மூடிக்கொண்டால் ‘மணம்’ ‘மணம’ ஆகிவிடும். குறைந்தது 10 பாயிண்ட், சற்றுத் தடித்த எழுத்துரு, பின்னணியில் முடிந்தவரை இரண்டே மை. அரக்குப் பின்னணியில் சிறிய வெள்ளை எழுத்தில் முகவரி போடாமலிருப்பதே நல்லது.

பக்கத்து நிறமும் ஏமாற்றும். 1824இல் பாரிஸின் கோபலான் திரைச்சீலை நெசவாலையில் சாயப்பட்டறைப் பொறுப்பேற்ற வேதியியலாளர் செவ்ரலிடம் கறுப்பு நூல் வெளிறியிருப்பதாகப் புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, அருகில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கலாகக் காட்டின. ஆகவே நிறத்தைத் தனிக் கட்டத்தில் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், வடிவமைப்பில் அது உட்காரும் இடத்திலேயே வைத்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் தொட்டுக்கொள்ளும் விளிம்பு கண்ணில் துடிக்கும். நடுவே 1 மி.மீ. சந்தனக் கோடு விட்டால் அடங்கிவிடும்.

தாளைக் கேட்டு எண்களை முடிவு செய்யுங்கள். பூச்சுள்ள வழவழப்பான ஆர்ட் பேப்பரில் மை மேலேயே நிற்கும், பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் உறிஞ்சிப் பரவும். அங்கே 50 சதவீத மை வைத்த நிறம் 65–70 போல அடர்ந்துவிடுவதுண்டு, ஆகவே நடுத்தர நிறங்களின் எண்களில் 10 அளவு கழித்துக்கொள்ளுங்கள். நான்கு மைகளின் கூட்டுத்தொகை ஆர்ட் பேப்பரில் 300ஐயும் நியூஸ்பிரின்ட்டில் 240ஐயும் தாண்டக் கூடாது. தாண்டினால் மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

ஓரம் வரை போகும் நிறத்தை 3 மி.மீ. வெளியே நீட்டி, பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் படமாகப் போட்டால் மறுபடி ஆர்.ஜி.பி.தான், டாக்குமென்டாக அனுப்பினால் மாறாது. புரூஃபை, அதாவது மாதிரி அச்சை, அச்சிடப்போகும் தாளிலேயே எடுக்கச் சொல்லி, பகல் வெளிச்சத்தில், நேர்வெயில் படாத இடத்தில் பாருங்கள். டியூப்லைட்டுக்குக் கீழே ஒத்துப்போன இரண்டு சிவப்புகள் வெளியே வந்ததும் வேறு வேறாகலாம். ஒப்புக்கொண்ட புரூஃபில் கையெழுத்திட்டு ஒரு பிரதியை மெஷின் அருகே வைத்துவிட்டு, ஓட்டம் தொடங்கியதும் வரும் தாள்களை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.