கொல்லையில் ஒரு கொய்யா: களிமண்காரர்களுக்கான செய்முறை

திருவாரூர்ப் பக்கத்தில் எங்கள் கொல்லையில் முதலில் வைத்த கொய்யா, ஐப்பசி அடைமழையில் வேர் அழுகிச் செத்தது. கன்றில் குறையில்லை, களிமண் குழியில் பத்து நாள் தண்ணீர் நின்றது. கொய்யா வறட்சியைத் தாங்கும், நாள்கணக்கில் தேங்கிய நீரைத் தாங்காது. கீழே சொல்வதெல்லாம் அந்த இழப்பில் கற்றது.

முதலில் கன்று. விதைக்கன்று காய்க்க நாளாகும், தாய்மரத்தின் ருசியும் அப்படியே வராது. பதியக் கன்றாக, அதாவது தாய்மரத்தின் கிளையிலேயே வேர்விடச் செய்து பிரித்தெடுத்த கன்றாகக் கேட்டு வாங்குங்கள். 2, 3 ஆண்டுகளில் காய்க்கும். வெள்ளைச் சதைக்கு லக்னோ 49 ரகம், சிவப்புக்கு அர்கா கிரண் ரகம்.

ஆற்றில் தண்ணீர் வரும் ஆனி, ஆடியில் நட்டால் அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடியாகக் குழி வெட்டுங்கள். மேல்மண்ணுடன் 10 கிலோ மக்கிய தொழுவுரமும் 1 கிலோ வேப்பம்பிண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். தரைக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு மண்ணைக் கூட்டி, அந்த மேட்டின் உச்சியில் கன்றை நடுங்கள். மேட்டைச் சுற்றிப் பள்ளம் பறித்து, தண்ணீர் வடிய வழி விடுங்கள். நெல்லுக்கு வரப்பு கட்டி நீரைத் தேக்கிப் பழகிய நமக்கு, இந்த வேலை தலைகீழாகத்தான் தோன்றும். தயவுசெய்து இதை மட்டும் தவிர்க்காதீர்கள்.

பதியக் கன்றுக்கு ஆணிவேர் கிடையாது. எனவே குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள்.

கொய்யா புதுத் தளிரில்தான் பூக்கும். காய்ப்பு ஓய்ந்ததும் கிளை நுனிகளை ஒரு சாண் அளவு வெட்டிவிடுங்கள். பழ ஈ வந்தால் உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும். விட்டுவைத்தால் புழு மண்ணுக்குள் போய் மறுபடி ஈயாக வரும்.

பழத்தைச் செங்காயாகப் பறித்து, தோலோடு பச்சையாகச் சாப்பிடுங்கள். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு. ஆரஞ்சில் சுமார் 50தான். கொதிக்க வைத்தால் வைட்டமின் சி-யில் கணிசமான பகுதி வீணாகும். நார்ச்சத்தும் நிறைய, மலச்சிக்கலுக்கு நல்லது.

முருங்கைக்கீரை சமைக்கும் நாளில் எங்கள் வீட்டில் சாப்பாட்டோடு ஆளுக்கு இரண்டு கொய்யாத் துண்டு கட்டாயம். கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள வைட்டமின் சி துணைசெய்கிறது. இரத்தசோகை உள்ள பெண்களுக்கு இதை நான் விடாமல் சொல்லிவருகிறேன், மருத்துவர் தரும் மாத்திரையை நிறுத்தாமல்.