பழைய படப்பாட்டை முழு நீளத்தில் மீட்பது

செட்டியார் தெருவிலோ புறக்கோட்டையிலோ நிமிடத்துக்கு 78 சுழற்சி ஓடும் பழைய இசைத்தட்டு கிடைத்தால் உடனே ஓடவிடாதீர்கள். கொழும்பின் ஈரக்காற்றில் தட்டில் பூஞ்சணம் பிடித்திருக்கும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் போதும். ஸ்பிரிட் மட்டும் வேண்டவே வேண்டாம், தட்டு அரக்கால் ஆனது, ஸ்பிரிட் அதைக் கரைத்துவிடும். பின்னாளில் வந்த எல்பி தட்டுக்கான ஊசியும் சரிவராது, 78க்கென்று இருக்கும் தடித்த ஊசிதான் வேண்டும்.

தட்டில் உள்ள பதிவு மோனோதான் (ஒற்றைத் தடம்) என்றாலும் கணினியில் ஸ்டீரியோவாகவே (இரட்டைத் தடம்), 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் எடுங்கள். அப்புறம் இடது, வலது இரண்டையும் தனித்தனியாகக் கேட்டால், பள்ளத்தின் ஒரு சுவர் மற்றதைவிடத் தேயாமல் இருப்பது தெரியும், அதை வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சலை அளவோடு குறையுங்கள், கூடினால் வயலினின் மூச்சே போய்விடும்.

தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். அதனால் வெட்டுப்பட்ட சரணம் படத்தில் மட்டும் இருக்கலாம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: நம் நாட்டு PAL தொலைக்காட்சி முறை வீடியோவில், விநாடிக்கு 24 படச்சட்டம் (ஃபிரேம்) 25 ஆக ஓடுவதால் பாட்டு நான்கு வீதம் வேகமாகி, சுருதியும் ஏறியிருக்கும். வேகத்தை 96 வீதமாகக் குறைத்து, ஆர்மோனியத்தில் சுருதி பார்த்த பிறகே தட்டுப் பதிவோடு ஒட்டுங்கள். ஒட்டும் இடத்தைத் தாள அடி விழும் இடத்தில் வையுங்கள், காதுக்குத் தெரியாது.

வெளியிடுமுன் உரிமை பாருங்கள். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு, கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் மறைந்த பிறகு 60 ஆண்டு. எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பக்கவாத்தியக்காரர் பெயர் தெரிந்தால் கட்டாயம் போடுங்கள், அவர்கள் பெயரை அன்றைக்குத் தட்டில் பெரும்பாலும் போடவில்லை.