கட்டை விரல் இல்லாமல் பவுலிங்: மணிக்கட்டைக் கெடுத்துக்கொள்ளாமல் பழகும் முறை

இங்கே பேசப்போவது கிரிக்கெட் பவுலிங் அல்ல, பந்தை உருட்டி, பாட்டில் வடிவக் கட்டைகளான பத்து பின்களைச் சாய்க்கும் டென்பின் பவுலிங். நடு விரல், மோதிர விரல், கட்டை விரல் மூன்றையும் துளைகளில் விட்டுப் பிடிப்பதுதான் வழக்கம். கட்டை விரலை வெளியே வைத்தால் பந்து கையைவிட்டுப் போகும் நேரத்தில் மற்ற இரண்டு விரல்களும் அதை நன்றாகச் சுழற்றிவிடும். கடைசியில் பந்து வளைந்து வந்து பின்களை அடிக்கும். டாம் டாஹர்ட்டி ஒற்றைக் கையால் இப்படி வீசித்தான் 2021-இல் தொழில்முறை பவுலிங் வீரர்களின் அமைப்பான பிபிஏ-வின் உலகப் பட்டம் வென்றார். ஜேசன் பெல்மான்டி இரண்டு கைகளால் வீசுபவர். அவரும் கட்டை விரலைத் துளையில் விடுவதில்லை. துளையின் விளிம்பு உரசி உரசிக் கட்டை விரல் நரம்பு தடித்துப்போய், வலி தாங்காமல் இந்த முறைக்கு மாறுகிறவர்களும் உண்டு.

ஒன்றை மட்டும் முதலிலேயே புரிந்துகொள்ளுங்கள். கட்டை விரல் செய்துவந்த பிடிக்கும் வேலை அப்படியே மணிக்கட்டின் தலையில் விழுகிறது. கீழே சொல்வதெல்லாம் அந்தச் சுமையைக் குறைக்கத்தான்.

படி 1: பந்து

விதிப்படி பந்தின் எடை 16 பவுண்டு வரை, அதாவது சுமார் 7.26 கிலோ வரை இருக்கலாம். நீங்கள் அதன் பக்கமே போக வேண்டாம். மூன்று விரலால் தூக்குவதைவிட 2 பவுண்டாவது குறைவானதை எடுங்கள். துளை தொளதொளவென்று இருந்தால் பந்து நழுவாமல் இருக்க விரல்களை மடக்கி இறுக்குவீர்கள். விரல் தசைநாண்கள் வலிப்பது பெரும்பாலும் இதனால்தான். நாலைந்து வீச்சுக்குப் பிறகு விரல் நுனிகளைப் பாருங்கள். ஆழமாகச் சிவந்த கோடு விழுந்திருந்தால் பந்தை மாற்றிவிடுங்கள்.

படி 2: பிடி

நடு விரலையும் மோதிர விரலையும் துளைகளில் விட்டு, உள்ளங்கையைப் பந்துக்கு அடியில் கொடுங்கள். மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கினால் பந்து உள்ளங்கையிலும் முன்கையிலும் சாய்ந்து உட்காரும். கட்டை விரல் பந்தின் மேல் சும்மா படிந்திருந்தால் போதும். உருளும்போது 'டக் டக்' என்று சத்தம் வந்தால் பந்து தன் துளைகளின் மேலேயே உருள்கிறது என்று அர்த்தம். கையின் கோணத்தைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்.

படி 3: நின்ற இடத்திலேயே வீச்சு

நடந்து வந்து வீசுவதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். வலது கைக்காரர் இடது காலை முன்னே வைத்து, முழங்காலை மடக்கி, இடுப்பிலிருந்து முன்னால் குனியுங்கள். முழங்கையைச் சற்று மடக்கியபடி பந்தைப் பின்னால் கொண்டுபோங்கள். இடுப்பு உயரத்துக்கு மேல் போக வேண்டாம். மேலே போகப் போக மணிக்கட்டு விரிந்துகொடுக்கும், பந்து விழப்பார்க்கும், அதைப் பிடித்து நிறுத்த முன்கை முழுவதும் இறுகும். இந்த முறையில் பெரும்பாலான வலி தொடங்கும் இடமே இதுதான். வேகம் வேண்டுமென்று வீச்சை உயர்த்தாதீர்கள். வேகம் பிறகு கால்களிலிருந்து வரட்டும்.

படி 4: விடுவிப்பு

பந்து கணுக்கால் அருகே வரும்வரை கை அதற்குப் பின்னால், அடியில் இருக்க வேண்டும். அங்கே மணிக்கட்டை விரித்து, விரல்களைப் பந்தின் பக்கவாட்டில் மேல்நோக்கி இழுங்கள். வீசி முடித்ததும் கை, கை குலுக்க நீட்டிய நிலையில் இருந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். உள்ளங்கை தரையைப் பார்த்தால் கையைப் பந்தின் மேலே சுற்றிவிட்டீர்கள் என்று பொருள். அப்படிச் செய்தால் பந்து நன்றாக வளையாது, முழங்கையும் முறுக்கிக்கொள்ளும்.

படி 5: நடந்து வந்து வீசுவது

நான்கு எட்டு எடுத்து வைத்தால் போதும். பந்து வளையும் என்பதால் வலது கைக்காரர் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி நின்று, பின்களைப் பார்க்காமல், வீசும்போது தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டுக்குச் சுமார் 15 அடி தள்ளியுள்ள அம்புக்குறிகளில் ஒன்றைக் குறிவையுங்கள்.

எங்கே வலித்தால் நிறுத்துவது?

ஒரு கேமில், அதாவது ஒரு முழு ஆட்டத்தில், 21 வீச்சு வரை வரலாம். 10 பவுண்டு பந்து என்றாலும் மணிக்கட்டு மொத்தமாகத் தாங்குவது ஏறக்குறைய 95 கிலோ. ஆகவே தொடக்கத்தில் ஒரு கேமோடு நிறுத்துவது நல்லது. முன்கைச் சதை களைத்துக் கனப்பது இயல்புதான், ஓய்வெடுத்தால் சரியாகும். முழங்கையின் உள்பக்க எலும்பு முனையில் சுருக்கென்று குத்தினாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ அன்றைக்கு அதோடு பந்தை வைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். கீழ்முதுகு வலிக்கிறதென்றால் முழங்காலை மடக்காமல் முதுகை மட்டும் வளைக்கிறீர்களா என்று பாருங்கள்.

மணிக்கட்டு ஒத்துழைக்கவே இல்லையென்றால் மற்றொரு கையையும் சேர்த்துக்கொள்ளலாம். கடைசிக் கணம்வரை அது பந்தைத் தாங்குவதால் மணிக்கட்டுக்கு நிம்மதி. ஆனால் உடல் அதிகம் சாய்ந்து திரும்புவதால் சுமையில் ஒரு பங்கு இடுப்புக்கும் முதுகுக்கும் போகும்.

சொந்தப் பந்து வாங்கும்போது கட்டை விரல் துளை போடவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் பவுலிங்கை நிர்வகிக்கும் அமைப்பான யுஎஸ்பிசியின் விதிப்படி, 2020 ஆகஸ்ட் 1 முதல், துளை இருந்தும் அதில் விரலை விடாமல் வீசுவது அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் செல்லாது. உள்ளங்கையின் நடுப்பகுதி பந்தில் எங்கே படும் என்பதையும் ஓர் அடையாளத்தால் குறித்திருக்க வேண்டும்.