வடக்கன் ஜோக்கை ஃபார்வர்ட் செய்யும் முன்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வடக்கன் ஜோக் வந்து விழுகிறது, படித்ததும் உங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடக் கை போகிறது. கொஞ்சம் பொறுங்கள். இது சும்மா கிண்டலா, இனவெறியா என்று பார்க்கப் பெரிய தத்துவமெல்லாம் வேண்டாம். உங்கள் தெரு டீக்கடையில் வேலை பார்க்கும் பீகார் பையனிடம், அவன் மொழியிலேயே, அர்த்தத்தை முழுசாக விளக்கி இதைச் சொல்ல முடியுமா? நாக்கு எழவில்லை என்றால் அனுப்பாதீர்கள்.

அர்த்தத்தை விளக்க வேண்டும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதற்கு டேரன் சாமியின் கதை இருக்கிறது. மேற்கிந்தியத் தீவுகளுக்கு 2012, 2016 என இரண்டு டி20 உலகக் கோப்பைகளை வாங்கித் தந்த கேப்டன். ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்கு ஆடியபோது, அவரையும் இலங்கையின் திசர பெரேராவையும் 'காலு' என்று கூப்பிட்டார்களாம். (தமிழில் படித்தால் ஏதோ கை கால் மாதிரி இருக்கும், இந்தியில் அதற்குக் கறுப்பன் என்று அர்த்தம்.) பலசாலிக் குதிரை என்று பாராட்டுகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு அவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். 2020 ஜூனில்தான் உண்மையான அர்த்தம் தெரிந்து கொதித்துப்போய்ப் பேசினார். அன்பாகத்தான் சொன்னோம் என்று பிறகு ஒரு வீரர் அவரிடம் பேசியிருக்கிறார், சாமியும் அதை ஏற்றுக்கொண்டார். சரி, அது அவர் பெருந்தன்மை. 'அவனே சிரிச்சானே' என்ற சாக்கை மட்டும் இனி யாரும் தூக்கிக்கொண்டு வர முடியாது.

அப்புறம் இன்னொன்று பாருங்கள். ஜோக்கிலிருந்து நிறத்தையோ இனத்தையோ உருவிவிட்டால் சிரிக்க ஏதாவது மிஞ்சுகிறதா? 2019-ல் சிங்கப்பூரில் மின்னணுப் பணப் பரிமாற்ற விளம்பரம் ஒன்றில், அந்நாட்டின் சீன வம்சாவளி நடிகர் ஒருவர் தோலைக் கறுப்பாக்கிக்கொண்டு இந்தியராக வந்தார். அதில் நிறமே வேஷம், வேறு சரக்கு கிடையாது. விளம்பரத்துக்குப் பொறுப்பானவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அதைக் கண்டித்து ராப் பாடிய இந்திய வம்சாவளி அண்ணன் தங்கை இருவரும், சீனர்களை மொத்தமாகக் கெட்ட வார்த்தையில் இழுத்ததால் போலீஸ் எச்சரிக்கையோடு போக வேண்டியதாயிற்று. பதிலடியாக ஒரு ஜோக்கோ வசவோ போடப் போகிறீர்கள் என்றாலும் இதே சோதனைதான்.

'நாமெல்லாம் ஒரே நிறம்தானே, கருவாயான்னு சொன்னா என்ன?' என்பார்கள். சென்னையில் வளர்ந்து இந்திய அணிக்கு ஆடிய அபினவ் முகுந்த், தன் நிறத்தைச் சொல்லி வரும் கேலிகளைப் பற்றி 2017-ல் எழுதியதைத் தேடிப் படிக்கக் கொடுங்கள். வெயிலில் ஆடித்தானே அந்த நிறம் வந்தது என்கிறார் மனிதர்.

குழுவில் வேறு யாராவது இப்படி அனுப்பினால் சண்டைக்குப் போக வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம். 'எனக்குப் புரியலையே மாமா, இதுல எது காமெடி?' என்று அப்பாவியாகக் கேளுங்கள். விளக்கத் தொடங்கினாலே பாதிப் பேர் தடுமாறிவிடுவார்கள். நீங்களே அனுப்பித் தொலைத்துவிட்டீர்களா, உடனே அழித்துவிட்டு 'தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோங்க' என்று நேராகச் சொல்லிவிடுங்கள். 'யார் மனசாவது புண்பட்டிருந்தால்' என்று இழுக்காதீர்கள், அது அடிபட்டவர் தலையிலேயே பழியைப் போடுகிற வேலை.