மானுக்குக் குறிவைக்கும் முன் ஈயக் குண்டைச் சோதிக்கும் முறை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் மான் வேட்டைக்கு இன்னொரு பருவம் திறக்கிறது. 1974 முதல் நடந்துவரும் இந்தப் பருவம், சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் பற்றும் துப்பாக்கிகளுக்கென்றே ஏற்பட்டது. குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, எண்ணெய்த் துணியில் பொதிந்த ஈயக் குண்டைக் கோலால் கெட்டித்து, ஒரே ஒரு தடவை சுடலாம். மறுபடி கெட்டித்து முடிப்பதற்குள் காயம்பட்ட மான் எங்கோ போய்ப் படுத்துவிடும். குண்டை நானே வார்ப்பதால் அதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது.

சோதனை என்றதும் பலர் நேரே சுடுதளத்துக்குப் போகிறார்கள். என்னைக் கேட்டால் பாதிச் சோதனை வீட்டு மேசையிலேயே முடிந்துவிட வேண்டும். முதலில் ஈயம். வாய்வழித் துப்பாக்கியின் உருண்டைக் குண்டுக்குக் கலப்பில்லாத மென்மையான ஈயம்தான் ஏற்றது. பழைய ஈயக் கூரைத் தகடு நல்லது. கார்ச் சக்கரத்தில் பொருத்தும் எடைக்கட்டிகளில் ஈயத்தைக் கடினமாக்கும் ஆண்டிமனி கலந்திருக்கும். புதியவற்றில் துத்தநாகமே இருக்கலாம். கட்டை விரல் நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். தூய ஈயத்தில் கோடு தெளிவாக விழும். சிமெண்டுத் தரையில் போட்டால் மந்தமான சத்தம்தான் வரும். கணீரென்று ஒலித்தால் அதில் வேறு உலோகம் இருக்கிறது.

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். உருக்குவதைத் திறந்த வெளியில் மட்டுமே செய்யுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் அது நீராவியாகி ஈயத்தை முகத்தில் தெறிக்கவைக்கும். குழந்தைகள் பக்கத்தில் வரவே கூடாது. வேலை முடிந்து சோப்புப் போட்டுக் கை கழுவும் வரை எதையும் வாயில் வைக்காதீர்கள்.

குண்டின் தோலைப் பார்த்தே வார்ப்பு அச்சின் சூட்டைச் சொல்லிவிடலாம். சுருக்கம் விழுந்திருந்தால் அச்சு இன்னும் சூடாகவில்லை. பனி படர்ந்ததுபோல் வெளுத்திருந்தால் சூடு அதிகம். சுருங்கியவற்றை மீண்டும் உருக்குங்கள். மற்றவற்றைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். என் துப்பாக்கி .50 கேலிபர், அதாவது குழலின் உள்விட்டம் அரை அங்குலம்; அதற்கான .490 அங்குல அச்சில் தூய ஈயக் குண்டு ஏறத்தாழ 177 கிரெயின் வரும், அதாவது பதினொன்றரை கிராம். இங்கே சராசரியைப் பார்த்துப் பயனில்லை. அச்சு சரியாக மூடியிருந்தால் குண்டு தன் முழு எடையைத் தாண்ட முடியாது. உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் குறையத்தான் முடியும். ஆகவே மேல் எடையை அளவுகோலாக வைத்து, அதிலிருந்து ஒரு கிரெயினுக்கு மேல் குறைந்தவற்றை ஒதுக்கிவிடுகிறேன். குமிழ் நடுவில் இல்லாமல் ஓரமாக இருந்தால் சுழலும் குண்டு தள்ளாடும். எல்லாக் குண்டுகளும் ஒரே சீராக எடை குறைந்து வந்தால் ஈயத்தின் தூய்மையைச் சந்தேகியுங்கள்.

இனிச் சுடுதளம். கரிமருந்து அல்லது அதற்கு ஈடாக விற்கும் மருந்து மட்டுமே; இக்காலத் தோட்டாக்களில் உள்ள புகையற்ற மருந்தை இட்டால் குழல் வெடித்து உயிர் போகும். துப்பாக்கி செய்தவர் தந்த குறைந்த அளவில் தொடங்கி, ஐந்து ஐந்து கிரெயினாக ஏற்றுங்கள்; அவர் சொன்ன உச்சத்தைத் தாண்டாதீர்கள். குண்டு மருந்தின் மேல் இடைவெளியில்லாமல் அமர வேண்டும். அதைச் சரிபார்க்கக் கோலில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மருந்தின் அளவை மாற்றினால் கோடும் மாறும். பொறி பட்டும் வெடிக்காவிட்டால் குழலை இலக்குப் பக்கமே வைத்து ஒரு நிமிடமாவது காத்திருங்கள்.

முதலில் 25 கஜம், பிறகு 50. ஒவ்வொரு அளவுக்கும் ஐந்து குண்டுகள்; ஒவ்வொரு வெடிக்கும் பிறகு குழலை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இலக்கைப் பார்க்கும் முன் தரையைப் பாருங்கள். குண்டைச் சுற்றியிருந்த துணி சில அடிகள் தள்ளி விழுந்து கிடக்கும். எனக்கு இலக்குத் தாளைவிட அதிகம் சொல்வது அந்தத் துணிதான். விளிம்பு பிரிந்து, நடுவே கறை மட்டும் இருந்தால் எல்லாம் நலம். நடுவில் எரிந்து ஓட்டை விழுந்திருந்தால் எண்ணெய் போதவில்லை, அல்லது துணி மெல்லியது. வட்டமாக அறுபட்டிருந்தால் குழல்வாயின் விளிம்போ, குண்டைச் சுழலவைக்க உள்ளே வெட்டிய வரிகளோ கூர்மையாக இருக்கின்றன. நான் 0.015 அங்குலத் தடிமனுள்ள, நெருக்கமாக நெய்த பருத்தித் துணியையே பயன்படுத்துகிறேன்.

சுடுதளத்தில் எச்சில் தடவிய துணி அழகாகவே சுடும். காட்டில் அது உதவாது. கெட்டித்த துப்பாக்கியோடு மணிக்கணக்கில் நிற்க வேண்டும். எச்சில் காய்ந்துவிடும், மருந்தும் நனையும். எனவே வேட்டையன்று தடவப்போகும் கொழுப்பையே சோதனையிலும் தடவுங்கள். சுத்தமான, குளிர்ந்த குழலிலிருந்து வரும் முதல் வெடியைத் தனித் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மானுக்குக் கிடைப்பது அந்த வெடிதான். அது மற்றவற்றிலிருந்து விலகி விழுந்தால், அதற்கேற்பவே குறிமுனையைச் சரிசெய்ய வேண்டும்.

குண்டு எப்படி விரிகிறது என்பதை அறிய, தண்ணீர் நிரப்பிய பால் குடுவைகளை, பின்னால் மண்மேடு இருக்கும் இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சுடுங்கள். வேட்டைக்கு நீங்கள் நினைத்திருக்கும் தூரத்திலிருந்தே சுடுங்கள், ஏனெனில் உருண்டைக் குண்டு வேகத்தை மிக விரைவில் இழக்கும். எடுத்த குண்டை நிறுத்து, அகலத்தையும் அளந்து எழுதி வையுங்கள். மென்மையான ஈயம் எடையை இழக்காமல் தட்டையாகும். கடினமானது உருண்டையாகவே ஊடுருவிப் போய்விடும்.

தூரத்துக்கு எல்லை வகுப்பதில் நான் கறாரானவன். மானின் இதயமும் நுரையீரலும் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் வட்டத்தில் அடங்கும். மேசைத் தாங்கல் இல்லாமல் நின்றபடி சுட்டு, எல்லாக் குண்டுகளும் அந்த வட்டத்துக்குள் விழும் தூரம் எதுவோ அதுவே என் எல்லை. நண்பர்கள் 100 கஜம் என்று பேசுவார்கள், எனக்கு 50.

மானை வீழ்த்திய பிறகும் ஈயத்தின் வேலை முடிவதில்லை. காயத்தைச் சுற்றிய இறைச்சியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள். குளிர்காலத்தில் வெண்தலைக் கழுகுகள் குடல் குவியலைத் தேடி வரும்; அதில் இருக்கும் ஈயத் துணுக்கே அவற்றைக் கொல்லப் போதும். மண்வெட்டி கொண்டுபோய் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். தரை உறைந்திருந்தால் பையில் கட்டி வெளியே கொண்டுவாருங்கள்.